அமலோற்பவம் மாட்டிய போல்ட்

அந்தப் பயிற்சிப் பள்ளியில் இருந்தவை எல்லாம் சின்ன விமானங்கள். இரண்டு பேர் உட்காரலாம். அவற்றைப் பழுது பார்க்கும் கொட்டகைக்கு அமலோற்பவம் பொறுப்பு. அவரிடம் வேலை கற்றுக்கொண்டிருந்தவர் சண்முகக்கனி.

மாணவர் ஆசிரியையைவிட வயதில் மூத்தவர். பஸ் டெப்போவில் பாதி ஆயுளைக் கழித்துவிட்டு வந்தவர். ஆனாலும் சண்முகக்கனி "மேடம்" என்று கூப்பிடுவார். அமலோற்பவம் "அண்ணாச்சி" என்பார்.

வந்த புதிதில் ஒருநாள், கழற்றிய போல்டையும் புதுப் போல்டையும் உள்ளங்கையில் சேர்த்து வைத்துக் காட்டினார் சண்முகக்கனி.

"ரெண்டும் ஒண்ணுதான் மேடம். பழசு மாதிரியே இருக்கு."

"பழசு சரின்னு யாரு சொன்னா?"

"டெப்போல இப்படித்தான் பார்ப்போம்."

"பஸ்ஸை ஓரங்கட்டலாம் அண்ணாச்சி. இதை மேகத்துலயா ஓரங்கட்டுவீங்க?"

அதன்பிறகு சண்முகக்கனி பழுதுபார்ப்புப் புத்தகத்தில் போல்டின் எண்ணைப் பார்ப்பார். போல்ட் வந்த உறையில் பார்ப்பார். பிறகு போல்டை அளந்தும் பார்ப்பார்.

கொட்டகையில் இன்னொரு வழக்கமும் உண்டு. விமானத்தை ஏற்ற, இறக்க, திருப்ப உதவும் இடங்களில் ஒருவர் மாட்டியதை இன்னொருவர் பார்த்துக் கையெழுத்துப் போட வேண்டும். மாட்டியவரே பார்த்துக்கொண்டால் செல்லாது.

அமலோற்பவத்தின் அப்பா இறந்துபோனார். எல்லாம் முடிந்து வேலைக்குத் திரும்பியபோது அவர் முகம் வற்றியிருந்தது. எதிரில் வைத்த டீ ஆடை படிந்து கிடக்கும். யாராவது சொன்னால்தான் எடுப்பார்.

அந்த வாரம் வியாழக்கிழமை, மூன்றாம் நம்பர் விமானத்தின் வாலில் ஒரு போல்ட் மாற்றினார். சண்முகக்கனி பார்க்க வந்தார். டார்ச் வெளிச்சம் தற்செயலாக நட்டின் மேல் விழுந்தது. நட்டுக்கு வெளியே தெரியவேண்டிய போல்டின் மரை தெரியவில்லை. போல்ட் ஓர் அளவு குட்டை.

திரும்பிப் பார்த்தார். அமலோற்பவம் குழாயடியில் கை கழுவிக்கொண்டிருந்தார். கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவிக்கொண்டிருந்தார்.

சண்முகக்கனி டார்ச்சை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அமலோற்பவம் வீட்டுக்குக் கிளம்பிய பிறகு சரியான போல்டைத் தேடி எடுத்து, அளந்து, மாட்டினார். குட்டைப் போல்டைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார். பார்த்ததாகக் கையெழுத்தும் போட்டார்.

மறுநாள் காலை டீ நேரத்தில் மெல்லக் கேட்டார்.

"மேடம், ஒருத்தரோட தப்பை அவருக்கே தெரியாம சரி பண்ணிட்டா, அது நல்லதுதானே?"

அமலோற்பவம் டம்ளரைக் கீழே வைத்தார்.

"எந்த விமானம்?"

"இல்ல, சும்மா பொதுவா..."

"பொதுவா கேள்வி கேக்குற ஆளா நீங்க? எந்த விமானம் அண்ணாச்சி?"

"மூணாம் நம்பர்."

"கழட்டினது எங்க?"

சண்முகக்கனி சட்டைப்பையிலிருந்து எடுத்துக் கொடுத்தார். அமலோற்பவம் அதை விரல்களுக்கிடையில் உருட்டிப் பார்த்தார். அவர் முகத்தில் வெட்கம் வரும் என்று சண்முகக்கனி பயந்திருந்தார். வரவில்லை. வேறு ஏதோ வந்தது.

"இதே டப்பாவுல இருந்துதான் ஏழாம் நம்பருக்கும் எடுத்தேன். முந்தாநாள். அதை யாரு பார்த்தது?"

"நான்தான்."

"பார்த்தீங்களா?"

சண்முகக்கனி தன் டீயைப் பார்த்தார்.

"நீங்க மாட்டினது மேடம். அதைப் போயி நான்..."

வெளியே ஏழாம் நம்பரின் இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது.

அமலோற்பவம் ஓடி அங்கே யாரும் பார்த்ததில்லை. அன்று ஓடினார். இரண்டு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காகத் தூக்கிக்கொண்டு, விமானி கண்ணில் படும்படி எதிரே எட்டி நின்றார். விமானத்தின் முன்விசிறி சுற்றிச் சுற்றி நின்றது.

பயிற்சி மாணவி ஹாஜிரா கதவைத் திறந்து குதித்தாள். முதன்முதலாகத் தனியாகப் பறக்கவிருந்தாள். வேலிக்கு அந்தப் பக்கம் அவள் வாப்பா போனைத் தூக்கிப் பிடித்தபடி படமெடுக்கத் தயாராக நின்றிருந்தார்.

"மேடம்! இன்னிக்குப் போயா?"

"தப்பான போல்ட் போட்டுட்டேன் கண்ணு. நான்தான் போட்டேன்."

"ஒரு போல்ட்டுக்கா மேடம்?"

"ஒரு போல்ட்டுக்குத்தான்."

ஹாஜிரா வாலைப் பார்த்தாள். பிறகு வேலியை நோக்கி நடந்தாள், வாப்பாவிடம் சொல்ல.

'நான்தான் போட்டேன்.' அந்தச் சொல் அவர் வாயிலிருந்து வரக்கூடாது என்றுதான் சண்முகக்கனி அத்தனையும் செய்திருந்தார். அது இப்போது ஒரு சின்னப் பெண்ணின் முன்னால், வெட்டவெயிலில் வந்துவிட்டது.

ஏழாம் நம்பரில் இருந்ததும் குட்டைதான். டப்பாவைக் கொட்டிப் பார்த்தார்கள். இரண்டு அளவும் கலந்து கிடந்தன.

"உங்களுக்கு மனசு கஷ்டப்படுமேன்னு நெனச்சேன் மேடம். அப்பா போன துக்கத்துல இதுவும் சேர்ந்து..."

"தெரியும் அண்ணாச்சி."

அவர் சிதறிக் கிடந்த போல்டுகளை அளந்து அளந்து பிரித்து வைத்தார். பிறகு கேட்டார்.

"மூணாம் நம்பர்ல நீங்க மாட்டினீங்களே. அதை யாரு பார்த்தது?"

சண்முகக்கனி எழுந்து ஸ்பேனரை எடுத்தார்.

இருவரும் மூன்றாம் நம்பருக்குப் போனார்கள். அமலோற்பவம் சண்முகக்கனியைக் கழற்றச் சொன்னார். புத்தகத்தைப் பார்த்தார். போல்டை அளந்தார். திரும்ப மாட்டச் சொல்லி, தரையில் மல்லாந்து படுத்து, கீழிருந்தும் பார்த்தார். முன்பின் தெரியாத ஒருவனின் வேலையைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"சரியா இருக்கு," என்று எழுந்தார்.

பிறகு ஏழாம் நம்பர். அதில் அமலோற்பவமே புதுப் போல்டை மாட்டினார். டார்ச்சைச் சண்முகக்கனியிடம் கொடுத்துவிட்டு விலகி நின்றார்.

சண்முகக்கனி குனிந்தார். உடனே நிமிர்ந்தார்.

"சரிதான் மேடம்."

டார்ச்சை அணைக்கப் போன கையை அமலோற்பவம் பிடித்துக்கொண்டார். அழுத்திப் பிடிக்கவில்லை. விடவும் இல்லை.

சண்முகக்கனி மறுபடி குனிந்தார். வெகுநேரம் பார்த்தார்.

"மேடம்... அதைக் கழட்டிக் காட்டுங்க."

அமலோற்பவம் கழற்றி அவர் கையில் வைத்தார். சண்முகக்கனி அளந்தார். புத்தகத்தைப் புரட்டி, எண்ணில் விரல் வைத்து, வாய்க்குள் படித்தார். திருப்பிக் கொடுத்தார். அமலோற்பவம் மாட்டி முடிக்கும்வரை கண் எடுக்கவில்லை. முடிந்ததும் முட்டி போட்டு, நட்டுக்கு வெளியே தெரிந்த மரையை நகத்தால் தடவிப் பார்த்தார்.

"சரியா இருக்கு, மேடம்."

"அந்தக் கடைசி வார்த்தையை விட்டுட்டுச் சொல்லுங்க அண்ணாச்சி."