ஒரே கூரை, மூன்று வைத்தியம்

தீர்ப்புச் சொல்ல அவசரப்படாதவர்கள் மட்டும் இந்தக் கதையைக் கேளுங்கள்.

பாளையங்கோட்டையில் மூன்று வைத்தியர்கள் ஒரே கூரையின் கீழ் தொழில் செய்துவந்தார்கள். ஹோமியோபதிக்குப் பென்சாம், அக்குபங்சருக்கு ரெஜினா, இயற்கை வைத்தியத்துக்கு ஆவுடையப்பன். மூன்றும் சேர்ந்தால் நோய் சீக்கிரம் ஓடிவிடும் என்று வாசலில் பலகை மாட்டியிருந்தார்கள். லாரிகளுக்குப் பெயிண்ட் அடிக்கும் நம்பிராஜன் அதை நம்பிப் போனார். அவருக்குச் சர்க்கரை நோய். கால்களில் எரிச்சலும் மரமரப்பும்.

பென்சாம் இனிப்பு உருண்டைகளைக் கொடுத்து, "சர்க்கரை மாத்திரையை மட்டும் விட்டுராதீங்க" என்றார். ரெஜினா வீட்டுப் போன் நம்பரை எழுதி வாங்கிக்கொண்டு இரண்டு கால்களிலும் ஊசி குத்தினாள். ஆவுடையப்பனோ, "மாத்திரைதான் விஷம். எனக்கும் சர்க்கரைதான், நான் விட்டே வருஷக்கணக்காச்சு. பாவக்காய்ச் சாறு போதும்" என்றார். நம்பிராஜன் மாத்திரையை நிறுத்தினார். மனைவி கோமதியிடம் அதை மறைத்தார்.

இடது காலில் புண் வந்தது. அதையும் காலுறை போட்டு மறைத்தார். மரத்த காலில் வலி தெரியவில்லை. காய்ச்சலில் அவர் பிதற்றத் தொடங்கியபோதுதான் கோமதி காலுறையைக் கழற்றிப் பார்த்தாள். விரல்கள் கறுத்துப் போயிருந்தன. ஆஸ்பத்திரியில் பாதிப் பாதத்தை வெட்டி எடுத்தார்கள்.

அவர் கண்விழித்து எல்லாவற்றையும் சொன்னதும் கோமதி அந்த மூவரிடம் போனாள். வாசல் பலகையைப் பிடுங்கி மேஜைமேல் எறிந்தாள்.

"மூணு பேரு இருந்தீங்களே, புண்ணை யாருய்யா பாத்தீங்க?"

"எங்கிட்ட வந்தப்ப புண்ணு இல்லம்மா" என்றார் பென்சாம். "அப்புறம் மருந்து வாங்க அவரு அனுப்புன ஆள்தான் எங்கிட்ட வந்துச்சு. நானும் அவரை வரச்சொல்லல."

"நான் செஞ்சதைத்தான் அவருக்கும் சொன்னேன். குணமாகும்னு நம்பித்தான் சொன்னேன்" என்றார் ஆவுடையப்பன்.

"நான் பாத்தேன்" என்றாள் ரெஜினா. "பென்சாம் சார் மருந்து குடுக்காரே, அவரு பாத்துக்கிடுவாருன்னு இருந்துட்டேன்."

"புண்ணு வந்த பொறவு வலது கால்ல மட்டும்தான் ஊசி குத்துனியாம். அது ஏன்?"

ரெஜினா ஊசிப் பெட்டியை மூடினாள்.

மறைத்த குற்றத்துக்கு நம்பிராஜன் பாதிப் பாதத்தையே கொடுத்துவிட்டார். மற்ற மூவரில் யார் குற்றம் பெரிது?

விடை: ரெஜினாவின் குற்றமே. ஆவுடையப்பனின் பேச்சால்தான் கேடு தொடங்கியது. அவரைச் சும்மா விடக்கூடாது. ஆனால் அந்த மூடநம்பிக்கையைத் தன் உடம்பிலும் அவர் சோதித்துக்கொண்டிருந்தார். பென்சாம் அசட்டையாக இருந்தார். ரெஜினாவுக்கோ ஆபத்து தெரியும். தெரியாவிட்டால் இடது காலிலும் ஊசி குத்தியிருப்பாள். தெரிந்தும், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லாமல் அடுத்த முறைக்கு வரச்சொல்லி அனுப்பினாள். கோமதி மூவர்மேலும் புகார் கொடுத்தாள். ஆனால் அன்று படியிறங்கும்போது ரெஜினாவிடம் மட்டும் கேட்டாள்: "எனக்கு ஒரு போன் போட உனக்குக் கை வரலையா, பாவி?"