வாப்ளி மிஸ்

முதலில் தெரிந்துகொள்ள வேண்டியவை இவை. மலையடிவாரத்து ஆசிரமம் ஒன்றில் சிறு பள்ளியும் இருந்தது. அங்கே முதல் வகுப்புக்கு ஆங்கிலம் கற்பித்தவர் அங்கயற்கண்ணி. பக்கவாதம் அவரை இரண்டு மாதம் படுக்கையில் கிடத்தியது. இடக்கால் தள்ளாட, நேற்றுத்தான் பள்ளிக்குத் திரும்பினார். வாயிலைத் தாண்டாமலே வீட்டுக்குப் போய்விட்டார்.

இன்று காலை குருவின் முன் வந்து நின்றார். ஆசிரமத்தின் குருவான நிர்மலை அம்மா அவரைவிட வயதில் இளையவர்.

“அம்மா, இனி நான் பாடம் நடத்த மாட்டேன். விடை கொடுங்கள்.”

“என்ன நடந்தது டீச்சர்?”

“குழந்தைகள் என்னைச் சூழ்ந்துகொண்டு ‘வாப்ளி மிஸ், வாப்ளி மிஸ்’ என்று கத்தினார்கள்.”

“அப்படியென்றால்?”

“ஆங்கிலச் சொல், அம்மா. நிலைகொள்ளாமல் ஆடுவது. கால் உடைந்த நாற்காலிக்குச் சொல்வார்கள். தட்டில் வைத்த ஜெல்லிக்குச் சொல்வார்கள். அந்தச் சொல்லைக் கற்றுக்கொடுத்தவளே நான்தான்.”

“பொருள் சரி. குழந்தைகள் எதற்குச் சொல்கிறார்கள்?”

“கேட்க நான் அங்கே நிற்கவில்லை, அம்மா.”

குரு எழுந்தார். கையை நீட்டினார். இருவரும் மெல்ல நடந்து பள்ளி மணி தொங்கும் தூணை நெருங்கினார்கள்.

மணிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு சிறுமிகள் மல்லுக்கட்டினார்கள்.

“விடுடி! என் பல்லைப் பாரு. வாப்ளி!”

“போடி, உன்னுது லேசாத்தான் ஆடுது. என்னுது நாக்கால தள்ளுனாலே படுத்துக்குது. நான்தான் அடிப்பேன்.”

“இதென்ன சட்டம், நாச்சியார்?” என்றார் குரு.

கயிற்றை விடாமலே நாச்சியார் பதில் சொன்னாள். “யாரோடது ரொம்ப வாப்ளியோ அவங்கதான் மணி அடிக்கணும், அம்மா. மிஸ் வராதப்போ நாங்களே போட்ட சட்டம். இசையோட பல்லு விழுந்துச்சு, மணியும் போச்சு. அப்புறமும் சண்டைக்கு வர்றா.”

“இது வேற பல்லு!” என்றாள் இசை.

அப்போதுதான் நாச்சியார் டீச்சரைக் கண்டாள். பல்லை ஒருமுறை தடவினாள். டீச்சரின் காலைப் பார்த்தாள். அவள் முகம் தொங்கிப்போயிற்று.

“மிஸ்ஸுக்குக் காலே வாப்ளி,” என்று கயிற்றை நீட்டினாள். “நேத்தே கூட்டிட்டு வந்து குடுக்கத்தான் ஓடி வந்தோம். நீங்க திரும்பிக்கூடப் பார்க்கல.”

அங்கயற்கண்ணி குருவைப் பார்த்தார்.

குரு தம் முன்பல்லை விரலால் அசைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“எனக்கு அசையவே மாட்டேன் என்கிறது, டீச்சர்.”

மணி ஒலித்தது. வழக்கத்தைவிட நெடுநேரம் ஒலித்தது.

பின்னர் முடிவானவை இவை. டீச்சர் விடை கேட்பதை விட்டார். நாச்சியாரின் பல் அந்த வாரமே விழுந்தது. டீச்சரின் கால் குணமானதும் மணிக்கயிற்றைத் திருப்பித் தர வேண்டும் என்று வகுப்பு தீர்ப்பளித்தது.

கால் வேகமாகத் தேறி வருகிறது. டீச்சர் அவகாசம் கேட்டிருக்கிறார்.