நாலு மெடலும் எனக்குத்தான்

"ரிசல்ட் என்ன மாஸ்டர்? அதை மட்டும் சொல்லுங்க, டைப் பண்ணணும்"னு கேட்டேன். அன்னிக்கு நான் செஞ்ச தப்பு அதுதான்.

கோவில்பட்டியில எங்க ப்ளெக்ஸ் கடை. டிசைன் பண்றது நான், இன்பவல்லி. வந்து நின்னவர் ஆவுடையப்பன் மாஸ்டர், இருபது வருஷமா ஊர்ல டேக்வாண்டோ சொல்லித் தர்றவர். முப்பத்தஞ்சு வயசுக்கு மேல உள்ளவங்களுக்குக் கொரியாவுல நடந்த சர்வதேசப் போட்டிக்குப் போயிட்டு முந்தின நாள்தான் திரும்பியிருந்தார். மறுநாள் பாராட்டு விழா. கல்யாண மண்டபத்து மொட்டைமாடியிலதான் அவர் வகுப்பு. விழாவுக்குக் கூட்டம் வந்தா மாடி அவருக்கு, வரலைன்னா யோகா கிளாசுக்குன்னு மண்டபத்துக்காரர் சொல்லியிருந்தார். அதனால பேனர் பெருசா வேணும், அதுல விஷயமும் பெருசா வேணும்.

பேரன் காதுகுத்து பேனருக்காகக் காத்திருந்த பலவேசம் அண்ணாச்சி நாற்காலியை இழுத்துப் போட்டுக்கிட்டார். "ஆளெல்லாம் எப்படி மாஸ்டர் அங்க?"

"மொதச் சண்டையில ஏழடி ஆளு அண்ணாச்சி. கஜகஸ்தான்காரன். அவன் மூஞ்சியைப் பாக்க நான் ரெண்டு தவணையா நிமிரணும். விட்டேன் ஒரு கிக். மேல போயிட்டான். ஆளு விழுந்தா நடுவர் பத்து எண்ணணும்லா? விழுந்தாத்தான எண்ண? அண்ணாந்து பாத்துக்கிட்டே நிக்காரு. அடுத்த ரெண்டு சண்டையை அதே களத்துல நடத்தி முடிச்சாச்சு. அப்புறமா வந்து எறங்குனான், தலை முடியெல்லாம் பனி."

"அங்க கூரை இல்லையா?"

"இருந்துச்சு."

அண்ணாச்சி என்னைப் பாத்தார். நான் கீபோர்டைப் பாத்தேன்.

"காலிறுதியில பெரு நாட்டுக்காரன். இப்பல்லாம் நெஞ்சுக் கவசத்துல கரண்டு வச்சிருக்கான். கால் பட்டதும் பாயிண்ட் தன்னால போர்டுல ஏறிரும். நான் உதைச்ச உதையில எங்க போர்டு நெறஞ்சு, இடமில்லாம பக்கத்துக் களத்து போர்டுல ஏறிருச்சு. அங்க சண்டை போட்டுக்கிட்டிருந்த ரெண்டு பேரும் தோத்துட்டானுவ."

"ரெண்டு பேருமா? யாருகிட்ட?"

"என்கிட்டதான்."

"இதை டைப் பண்ணவா மாஸ்டர்?"ன்னேன்.

"இரு தாயி. இன்னும் அரையிறுதிக்கே வரல."

அதுக்குள்ள பக்கத்து லேத் பட்டறையில இருந்து நாலு பேர் வேலையை விட்டுட்டு வந்து வாசல்ல நின்னுட்டாங்க. ஆளைக் கண்டதும் மாஸ்டர் குரல் ஒரு கட்டை ஏறிருச்சு.

"அரையிறுதியில ஈரான்காரன். நான் காலையே தூக்கல. தூக்குவமான்னு நெனச்சேன், அவ்வளவுதான். குனிஞ்சு ஒரு வணக்கம் வச்சான், நேரா ஏர்போர்ட்டுக்கு ஓடிட்டான். ஏம்ல ஓடுதேன்னு அவன் கோச்சு கேட்டிருக்காரு. 'அந்த ஆளு நெனச்சாலே வலிக்கு'ன்னு சொன்னானாம்."

"அது உமக்கு எப்படித் தெரியும்?"

"அந்தக் கோச்சு இப்ப என்கிட்டதான் தபால்ல படிக்காரு."

லேத்காரர் ஒருத்தருக்குப் புரை ஏறிருச்சு. மாஸ்டர் அவர் தலையைத் தட்டிக்கொடுத்துக்கிட்டே பைனலுக்குப் போனார்.

"பைனல்ல கொரியாக்காரன். நாலு தடவை சாம்பியன். அவனும் எகிறுனான், நானும் எகிறுனேன். நடுவானத்துல உள்ளங்காலும் உள்ளங்காலும் முட்டி நின்னுருச்சு. ரெண்டு பேரும் சமபலம், யாரும் கீழ வர வழியில்ல. பதினோரு நிமிஷம். கூட்டம் சாப்பிடப் போயிருச்சு. எவ்வளவு நேரந்தான் சும்மா கெடக்க? பேசிக்கிட்டு இருந்தோம்."

"என்ன பாஷையில?"

"அவ்வளவு உசரம் போயிட்டா எல்லாம் ஒரே பாஷைதான் அண்ணாச்சி. அவன் சம்சாரத்துக்கு மூட்டுவலியாம். முடக்கத்தான் கீரையைத் தோசை மாவுல அரைச்சு ஊத்தச் சொன்னேன். அழுதுட்டான். அழுதா பலம் கொறையும்லா? விழுந்துட்டான்."

"சரி மாஸ்டர், ரிசல்ட்?"

"தங்கம் எனக்கு. 'இவர் நிக்கிற மேடையில எனக்கு என்ன வேலை'ன்னு வெள்ளியையும் அவன் எனக்கே கொடுத்துட்டான். டேக்வாண்டோவுல வெண்கலம் ரெண்டு உண்டு. வாங்க ஆளில்ல, எல்லாரும் ஏர்போர்ட்டுல. நாலு படியிலயும் நானே நின்னேன்."

"கால் ரெண்டுதான ஓய்?"

"வெண்கலம் ரெண்டுலயும் கையை ஊனிக்கிட்டேன்."

"தேசிய கீதத்துக்கு நாலு கால்லயா நின்னீரு?"

"நாட்டுக்காக நிக்கையில என்ன வெக்கம்?"

அந்த நேரத்துல செல்வராணி உள்ள வந்தா. முப்பத்தெட்டு வயசு, தபால் பட்டுவாடா பண்றவ. மாஸ்டரோட மாணவி, அவர்கூடக் கொரியாவுக்குப் போன ஒரே ஆள். இடது கணுக்கால்ல கட்டு. நொண்டிக்கிட்டே வந்து, "பேனருக்கு உதவும்னு கொண்டாந்தேன்"னு ஒரு தாளை என்கிட்ட நீட்டுனா. முத்திரை போட்ட ரிசல்ட் தாள். நான் யோசிக்காம சத்தமாப் படிச்சுட்டேன்.

பெண்கள் பிரிவுல வெண்கலம், செல்வராணி, இந்தியா. ஆண்கள் பிரிவுல ஆவுடையப்பன், இந்தியா: எடை ஒரு கிலோ இருநூறு கிராம் கூடுதல், போட்டியில் அனுமதி இல்லை.

வாசல்ல சிரிப்பு வெடிச்சுது. மாஸ்டர் தரையைப் பாத்துக்கிட்டு நின்னார். இருபது வருஷத்துல அவர் தலை குனிஞ்சு நான் பாத்ததில்ல. எதுக்குப் படிச்சோம்னு ஆயிருச்சு எனக்கு.

செல்வராணி சிரிக்கல. "இவருதான் எனக்குக் கோச்சா உக்காந்தாரு. காலிறுதியில கால் பிசகிருச்சு. போதும்னு வெளிய வரப் பாத்தேன். 'ஏட்டி, வலது கால் சும்மாதான இருக்கு!'ன்னு ஒரு சத்தம் போட்டாரு பாருங்க, எதிராளியே திரும்பிப் பாத்துட்டா. அந்த நேரத்துல உதைச்சேன். முடியிற வரைக்கும் கத்துனாரு. அந்தச் சண்டையை ஜெயிச்சதுலதான் இந்த வெண்கலம். தொண்டை போயிருச்சு. மூணு நாள் பேச்சே இல்ல, பிளைட்டுல தண்ணிகூட சைகையிலதான் கேட்டாரு."

"இவரா? மூணு நாளா?"ன்னார் அண்ணாச்சி. "அதான் மனுசன் சேத்து வச்சுப் பேசுதாரு."

மாஸ்டர் மெதுவா என் மேசைக்கு வந்தார். "அவ படத்தைப் போடு தாயி. முழு பேனருக்கும். என் படம் வேண்டாம்." மூலையில சின்னதா 'பயிற்சி: ஆவுடையப்பன்'னு நானாத்தான் போட்டேன்.

மறுநாள் விழாவுக்கு அவ தபால் கொண்டுபோற மூணு தெருவும் திரண்டு வந்துருச்சு. அம்பத்திரண்டு பொம்பளைங்க வகுப்புக்குப் பேர் கொடுத்தாங்க, மண்டபத்துக்காரர் சம்சாரத்தையும் சேத்து. அப்புறம் மாடியை யாருக்கு விடன்னு அவர் யோசிக்கவே இல்ல.

விழா முடிஞ்சு மண்டபத்துப் படி இறங்கும்போது பலவேசம் அண்ணாச்சி மாஸ்டர் தோள்ல கை போட்டார். "எல்லாஞ் சரி. அந்த ஒரு கிலோ இருநூறு கிராம் எப்படி ஓய் கூடுச்சு?"

மாஸ்டர் நெஞ்சு திரும்ப நிமிந்துருச்சு. "நான் கூடல அண்ணாச்சி. என்னை அனுப்ப மனசில்லாம அந்த ஊரு பூமி கொஞ்சம் கூடுதலா இழுத்துருச்சு."

செல்வராணி கைப்பிடியைப் புடிச்சு ஒவ்வொரு படியா இறங்கிக்கிட்டே சொன்னா:

"ஓட்டல்ல காலைச் சாப்பாடு ஓசின்னாங்க. இருபத்திரண்டு அவிச்ச முட்டை. நான்தான் எண்ணுனேன்."