மாசானம் யாருடைய குடி?

எந்தக் காலமென்று கேட்காதீர்கள், செம்பாறைக் கோட்டையை வீரகண்டன் என்றொரு ராஜா ஆண்டான். ஆண்டான் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். காலையில் ஒருவனுக்குப் பல்லக்குக் கொடுப்பான், சாயங்காலம் அதே பல்லக்கில் கட்டிவைத்து அடிப்பான். அவனுக்கு வாய்த்த தளபதி அரிமர்த்தனன். மந்திரி திருமேனியைப் பார்த்து ராஜா சிரித்தால்கூடத் தளபதிக்கு வயிறு எரியும்.

அந்த வருஷம் மழை பொய்த்தது. வேப்பங்குளத்து அம்மன் கோயில் மண்டபத்தில் ராஜாவின் வரி நெல்லைக் குவித்திருந்தார்கள். பிள்ளைகள் பட்டினியில் சாவதைப் பார்க்கச் சகிக்காமல், கோயில் காவல்காரன் மாசானம் பூட்டைத் திறந்து நெல்லை ஊருக்கு அளந்துவிட்டான். தளபதி விசாரிக்கவே இல்லை. ராஜாவின் பெயரைச் சொல்லி, கோயிலடிப் புளியமரத்தில் அவனைத் தூக்கில் போட்டுவிட்டு, பிணத்தை இறக்குகிறவனுக்கும் இதே கயிறுதான் என்று சொல்லிப் போனான். மாசானத்தின் பெண்சாதி பேச்சித்தாய் மரத்தடியில் காக்கை விரட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அதை நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

மறுநாள் அந்த அம்மன் சன்னிதியில் இளவரசிக்குக் கல்யாணம். அது அரச குலத்து வழக்கம். ராஜா பரிவாரத்தோடு வந்து இறங்கினால், நடை சாத்திக் கிடக்கிறது. ஊரில் பிணம் கிடந்தால் எடுக்கிறவரை பூசை கிடையாது, அம்மனுக்குப் படையலும் கிடையாது என்று பூசாரி சொன்னார். முகூர்த்தம் நெருங்குகிறது. ஆனாலும் தன் பெயரில் போட்ட உத்தரவை மாற்ற ராஜாவுக்கு வீம்பு விடவில்லை.

தளபதி முந்திக்கொண்டான். "நம்மவன் செத்தால்தானே மகாராஜா தீட்டு? மாசானம் இந்த ஊர்க்காரனும் இல்லை, நம் குடியும் இல்லை என்று சொல்லிவிடுவோம். நடையைத் திறக்கட்டும்."

ராஜாவுக்கு முகம் மலர்ந்தது. இந்த யோசனை உமக்கு ஏன் வரவில்லை என்று மந்திரியைச் சீண்டினான்.

"நல்ல யோசனைதான்," என்றார் திருமேனி. "நம் குடி இல்லையென்றால் அவன் வேற்று நாட்டான். வேற்று நாட்டானைக் கொன்றவனுக்குத் தூக்கு என்று மகாராஜாவே சட்டம் போட்டிருக்கிறீர்கள். இவனைக் கொன்றது யாரென்று மட்டும் தளபதி சொல்லட்டும்."

ராஜாவின் பார்வை மெல்லத் தளபதி பக்கம் திரும்பியது. அவ்வளவுதான், தளபதி தடாலென்று காலில் விழுந்தான்.

"நம்ம குடிதான் மகாராஜா. நம்ம ஆள்தான்."

"நம்ம ஆளென்றால் பாடைக்குத் தோள் கொடுக்க வேண்டுமே," என்றார் மந்திரி.

நீயே இறக்கு, நீயே சும என்றான் ராஜா. தளபதி தலைப்பாகையைக் கழற்றிவிட்டுச் சுடுகாடுவரை சுமந்தான். ராஜா தன் முத்துமாலையைக் கழற்றி மந்திரிக்குப் போட்டான். மந்திரி அதைக் கொண்டுபோய்ப் பேச்சித்தாயிடம் நீட்டினார். அவள் கையை நீட்டவில்லை.

நடை திறந்தது. ஆனால் மேளம் கொட்ட ஆளில்லை, மாலை கட்ட ஆளில்லை, பந்தலில் ஒரு குஞ்சு குருமான்கூட இல்லை. ஆள் அனுப்பிக் கேட்டபோது, குளத்தில் முழுகி ஈரத்தோடு நின்ற மேளக்காரர் பதில் சொன்னார்.

"மாசானம் எங்க எல்லாருக்கும் பங்காளி. கருமாதி முடியுற மட்டும் எங்களுக்குக் கோயிலும் இல்ல, கல்யாணச் சோறும் இல்ல. மகாராசாவுக்கு என்ன துக்கம்? அவரு கும்பிடட்டும்."

பூசாரி தீபத்தட்டை நீட்டினார். அத்தனை பெரிய கோயிலில், அம்மனிடம் என்ன கேட்பதென்று தெரியாமல் ராஜா நின்றுகொண்டிருந்தான்.