ஆள்காட்டி விற்ற கூச்சல்

முதல் கல்லை எறிந்தது நீங்கள்தான். பெயர் சொல்லப்போவதில்லை. பச்சைத் தொப்பியும் முழங்கை நீளக் கேமராவுமாகப் பங்குனி மாதம் மஞ்சணத்திக் குளத்துக்கு வந்தது யார் என்று உங்களுக்கே தெரியும். வாத்து மேய்கிற படம் உங்களுக்குப் போதவில்லை. பறக்கிற படம் வேண்டும். எறிந்தீர்கள். அதற்கப்புறம் என்ன நடந்தது என்று கேளுங்கள்.

அந்தக் குளத்தில் அறுபது வரித்தலை வாத்துகள் இருந்தன. இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்து பனிக்காலத்தைக் கழிக்க வந்தவை. சித்திரைக்குள் திரும்பியாக வேண்டும். மலையைத் தாண்டும்போது வழியில் தின்ன ஒன்றும் கிடைக்காது. உடம்பில் ஏற்றிக்கொள்ளும் கொழுப்புதான் கட்டுச்சோறு. அதனால் தண்ணீர் வற்றிய இடத்தில் முளைத்த புல்லை, குனிந்த தலை நிமிராமல் மேய்ந்தன.

எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டால் நரி வருவதை யார் பார்ப்பது? அதற்குத்தான் ஆள்காட்டிக் குருவி. அது மரத்தில் கூடு கட்டாது. வெறுந்தரையில் நாலு முட்டை இட்டு அடைகாக்கும். புல் வளர்ந்துவிட்டால் அதற்குச் சுற்றுப்புறம் தெரியாது. வாத்துகள் புல்லை ஒட்ட மேய்ந்து கொடுக்கும். பதிலுக்கு ஆள்காட்டி காவல் இருந்து, ஆபத்து வந்தால் கத்தும். வருஷா வருஷம் இதுதான் ஏற்பாடு. இதில் ஒருவரும் ஏமாந்ததில்லை.

உங்கள் கல் விழுந்ததும் ஆள்காட்டி கத்தியது. அறுபது வாத்தும் ஒரே வீச்சில் எழுந்தன. கேமரா படபடவென்று அடித்தது. மறுநாள் நீங்கள் கல்லைத் தொடவில்லை. ஆள்காட்டி இருந்த பக்கமாக நாலு எட்டு வைத்தீர்கள். அது கத்தியது. வாத்துகள் எழுந்தன.

"இந்தக் குருவி கத்தினா போதும்டா, அத்தனையும் கெளம்பிருது" என்று போனில் யாரிடமோ சிரித்தீர்கள். அந்தச் சந்தோஷத்தில் தின்றுகொண்டிருந்த முட்டை பப்ஸில் பாதியைக் கரையில் போட்டுவிட்டுப் போனீர்கள்.

கரைப் பொந்தில் இருந்த கீரி அதைத் தின்றது. அதுவரை அப்படி ஒரு ருசியை அது கண்டதில்லை.

மூன்றாம் நாள் ஆள்காட்டி உங்களை அடையாளம் கண்டுகொண்டது. கத்தவில்லை. வாத்துகள் மேய்ந்துகொண்டே இருந்தன. நீங்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு, பப்ஸ் பொட்டலத்தைப் பிரிக்காமலே போய்விட்டீர்கள்.

கீரி நேராக ஆள்காட்டியிடம் வந்தது.

"என்ன மதினி, இன்னைக்கு வாயடைச்சுப் போச்சு?"

"தெரிஞ்ச ஆள்தானே அண்ணாச்சி. கடிக்கிற ஆள் இல்ல. சும்மா எதுக்குக் கத்தணும்?"

"நீ கத்தினா அவன் படம் எடுப்பான். படம் எடுத்தா பப்ஸ் விழும். அவன் வர்றப்பல்லாம் கத்து."

"எனக்கு அதுல என்ன லாபம்?"

கீரி அதன் வயிற்றுக்கடியில் எட்டிப் பார்த்தது. "நாலு இருக்கா? நாலும் அப்படியே இருக்கும். அதுதான் லாபம்."

ஆள்காட்டி இறக்கையை இறக்கி முட்டைகளை மூடிக்கொண்டது. "சத்தியமா தொடமாட்டீங்களே?"

"பப்ஸ் கெடைக்கும்போது எனக்கு எதுக்குப் பச்சை முட்டை?"

பேரம் பேசத் தெரிந்த யாரும் அந்த இடத்தில் நிறுத்தியிருப்பார்கள். கிடைக்காதபோது என்ன செய்வாய் என்று கேட்டிருப்பார்கள். ஆள்காட்டி கேட்கவில்லை. தலையை ஆட்டிவிட்டது.

பத்து நாள் இப்படியே நடந்தது. ஒரு நாளைக்கு ஆறு தடவை, ஏழு தடவை. வாத்துக் கூட்டத்தின் தலைவி வெண்ணி ஒரு சாயங்காலம் ஆள்காட்டியிடம் நடந்து வந்தது.

"இன்னைக்கு ஏழு தடவை எழுந்தோம். நரி எங்கே?"

"வந்துச்சு அக்கா. போயிருச்சு."

"எந்தப் பக்கம் போச்சு?"

ஆள்காட்டி குனிந்து அலகால் முட்டையைப் புரட்டியது.

"ஒரு தடவை எழுந்து இறங்கினா அரை மணி நேரம் மேஞ்சது வீண். என் நெஞ்செலும்பு வெளிய தெரியுது பாரு. என்ன விஷயம்னு சொல்லிரு, கோவிச்சுக்க மாட்டேன்."

"எனக்கு முட்டை இருக்கு அக்கா. உங்களுக்கு அது புரியாது."

வெண்ணி கழுத்தைத் திருப்பி வடக்கே பார்த்தது. பிறகு, "நான் அவ்வளவு தூரம் எதுக்குப் போறேன்னு நெனைச்ச? முட்டை இடத்தான் போறேன்" என்றது.

அப்போதாவது வாயைத் திறந்திருக்கலாம். கீரி மிரட்டுகிறது என்று ஒரு வார்த்தை போதும். அறுபது வாத்தும் சேர்ந்து இறக்கையால் அடித்தே அதை விரட்டியிருக்கும். ஆள்காட்டி சொல்லவில்லை.

மறுநாள் விடிவதற்குள் வாத்துகள் வேறு குளம் தேடிப் போய்விட்டன.

நீங்கள் வந்தீர்கள். வெறும் தண்ணீரைப் பார்த்தீர்கள். வண்டியைத் திருப்பினீர்கள். அதோடு பப்ஸும் நின்றது.

அந்த வாரம் இரண்டு கோடை மழை பெய்தது. மேய ஆளில்லாத புல் மளமளவென்று ஏறியது. உட்கார்ந்தால் ஆள்காட்டிக்கு நாலு பக்கமும் பச்சைச் சுவர்தான். ஒரு மத்தியானம் புல் அசைந்தது. சுதாரிப்பதற்குள் கீரி முன்னால் நின்றது.

"அண்ணாச்சி, நாம பேசினது என்னாச்சு?"

"பப்ஸ் எங்கே மதினி?"

ஆள்காட்டி கத்தியது. தொண்டை கிழியக் கத்தியது. குளத்தில் ஒரு இறக்கைகூட அசையவில்லை. கீரி மூன்று முட்டையைத் தின்று முடித்து நாலாவதுக்குக் குனிந்தபோது, ஆள்காட்டி பாய்ந்து அதன் கண்ணில் கொத்தியது. கீரி கீச்சிட்டபடி பொந்துக்குள் ஓடியது. கண் ஆறினால் திரும்ப வரும். ஆள்காட்டிக்கும் அது தெரியும். மிச்சமிருக்கிற ஒற்றை முட்டைமேல் உட்கார்கிறது, எழுந்து புல்லுக்கு மேலே எட்டிப் பார்க்கிறது, மறுபடி உட்கார்கிறது.

எல்லோருக்காகவும் காவல் இருக்க வேண்டியவர் தன் பயத்துக்காக அந்தக் காவலை விற்றால், தனக்கு ஆபத்து வரும்போது கேட்க ஆளிருக்காது.

அது ஆள்காட்டிக்கு. உங்களுக்கு வேறு. பறக்கிற படம் கிடைத்துவிட்டது, சட்டம் போட்டு மாட்டியிருப்பீர்கள். இனி கேமராவை வீட்டில் வைத்துவிட்டு ஒரு அரிவாளோடு வாருங்கள். அந்த ஒரு முட்டையைச் சுற்றி வாத்துகள் மேய்ந்து கொடுத்திருக்க வேண்டிய புல்லை அறுத்துக் கொடுத்துவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போங்கள். அடுத்த பங்குனியில் வாத்துகள் வந்தால் தள்ளி உட்காருங்கள். அவை தாமாக எழும்வரை காத்திருங்கள். கீரிக்குக் கண் ஆறிக்கொண்டிருக்கிறது, சீக்கிரம் கிளம்புங்கள்.