லாயத்துக்கு எடுத்த அளவு

செங்காட்டு ஜமீனில் சிற்றம்பல ஆசாரி குதிரை லாயம் ஒன்று கட்டினார். லாயமா அது! இழைத்த தேக்குத் தூண்கள், பூ வேலை செய்த நிலைவாசல், காற்று தாராளமாய் வந்து போகும் சாளரங்கள். பார்த்தவர்கள் எல்லாம் வாயைப் பிளந்தார்கள்.

குதிரை மட்டும் உள்ளே போக மாட்டேன் என்றது.

இழுத்தார்கள், தள்ளினார்கள், கொள்ளுத் தீனி காட்டிக் கெஞ்சினார்கள். ம்ஹூம்! வாசலில் நெற்றி இடித்ததுமே திமிறிக்கொண்டு பின்னால் போனது. ஜமீன்தார் குள்ளமான மனிதர். கோபம் மட்டும் நல்ல உயரம்.

"பொழுது சாயறதுக்குள்ள குதிரை உள்ளே நிக்கணும். இல்லேன்னா அடுத்து மாட்டுத் தொழுவம் கட்டுற வேலை உனக்கில்லை. மூட்டையைக் கட்டிக்கிட்டு ஊர் போய்ச் சேரு!"

 ஆசாரி தன் குரு வைரவ ஸ்தபதியிடம் ஓடினார். குரு இவரைவிட வயதில் சின்னவர்.

"அளவுல ஒரு நூல் பிசகில்லை ஐயா. குதிரைக்குத்தான் திமிர். குனிய மாட்டேங்குது!"

"யாரை அளந்தீர்?"

"வீட்டுக்காரர் உடம்புதான் வீட்டுக்கு அளவுன்னு நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க? ஜமீன்தாரை நிக்க வெச்சு அளந்தேன்."

 குரு அளவுக் கயிற்றோடு நேரே லாயத்துக்கு வந்தார். குதிரையின் முன்னால் நின்று கைகூப்பினார்.

"வீட்டுக்காரரே, கொஞ்சம் நிமிர்ந்து நில்லுங்க."

குளம்பிலிருந்து காது நுனி வரை அளந்தார். ஜமீன்தாருக்குப் பொறுக்கவில்லை.

"குதிரை வீட்டுக்காரனா? அப்போ நான்?"

"ராத்திரி நீங்களா இங்கே படுத்துக்கப் போறீங்க, ஐயா?"

ஆசாரிக்குச் சுரீரென்று உறைத்தது. வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பார்த்துப் பார்த்துச் செதுக்கிய நிலையைத் தானே பெயர்த்தார். மேலே செங்கல்லை உடைத்தார், உத்தரத்தை உயர்த்தினார். கை கன்றிப் போனது.

வெயில் தாழும் நேரம். குதிரை வாசலை ஒருமுறை முகர்ந்து பார்த்தது. பிறகு தலை நிமிர்ந்தபடி ராஜநடை நடந்து உள்ளே போய்க் கனைத்தது பாருங்கள், லாயமே அதிர்ந்தது! பெண்கள் குலவையிட்டார்கள். ஆசாரி சின்னப் பிள்ளை மாதிரி அழுதார், சிரித்தார்.

"சபாஷ்! தொழுவமும் நீயே கட்டு" என்ற ஜமீன்தார், அளவு கொடுக்க விறைப்பாக நிமிர்ந்து நின்றார்.

ஆசாரி கயிற்றை எடுத்துக்கொண்டு, அவரைத் தாண்டி, மாடுகளைப் பார்க்க விறுவிறுவென்று நடந்தார்.

"என்னய்யா, உம்ம சீடன் எங்கே போறான்?"

குரு மேல்துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"நீங்க உக்காருங்க ஐயா. இனிமே அவருக்கு நீங்களும் வேண்டாம், நானும் வேண்டாம்."