சக்கரத்துக்குச் சாக்கு தைத்த முப்பிடாதி அம்மையார்

உப்பு மூடைக்கு வாய் தைக்கிறவர்களின் விரல் நுனியில் தோல் தங்காது. வேம்படித்துறை உப்பளத்தில் கோணி ஊசியும் சணல் நூலுமாகக் காலையில் உட்கார்ந்தால் பொழுது சாயும்வரை எழாத முப்பிடாதி அம்மையாருக்கும் தங்கவில்லை. வெடித்த விரலில் உப்பு இறங்கும்போது பக்கத்தில் இருப்பவர்கள் வாயில் வந்ததைச் சொல்லித் திட்டுவார்கள். அம்மையார் துறையம்மனைக் கூப்பிடுவார். ஊர்க்காவல் தெய்வமான அந்த அம்மனைத் தவிர அவருக்கு உற்றார் என்று எவருமில்லை. வேலை முடிந்து குளித்து, கோயில் வாசலைக் கூட்டித் தண்ணீர் தெளித்த பிறகுதான் வீட்டில் அடுப்பைப் பற்றவைப்பார்.

தசரா வந்துவிட்டால் அந்த ஊரில் யாரும் சும்மா இருக்க மாட்டார்கள். விரதம் இருந்து, கையில் காப்புக் கட்டி, கரடி, ராஜா, போலீஸ் என்று ஆளுக்கொரு வேடம் போட்டு, வெறுங்காலோடு வீடு வீடாகத் தர்மம் எடுத்து அம்மன் உண்டியலில் சேர்ப்பார்கள். கடற்கரைச் சாலையில் நடக்க முடியாத பிள்ளைகளுக்கான இல்லம் ஒன்று உண்டு. ஒரு தசராவில் அந்தப் பிள்ளைகள் வாசலுக்குச் சக்கர நாற்காலிகளில் வந்து, போகிற வேடங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் இசக்கி என்ற சிறுமி, அவ்வழியே போன அம்மையாரைக் கூப்பிட்டாள்.

"ஏன் சித்தி, வேசம் கட்டணும்னா நடக்கத் தெரிஞ்சிருக்கணுமா?"

அம்மையார் நேரே வெல்டிங் பட்டறை ஜெபமணியிடம் போய், நாற்காலியோடு பிள்ளைகளுக்கு வேடம் கட்ட வேண்டும் என்று நின்றார். ஜெபமணி ஞாயிறு தவறாமல் தேவாலயத்துக்குப் போகிறவர்.

"இது சாமிக்கா யக்கா, பிள்ளையளுக்கா?" என்று கேட்டார்.

"ரெண்டும் ஒண்ணுதானய்யா."

"அப்பச் சரி" என்று அவர் கம்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார். உப்பளத்துப் பெண்கள் சிலரும் சேர்ந்துகொண்டார்கள். யாரும் கூலி கேட்கவில்லை. மாலை நேரங்களில் இல்லத்து முற்றத்தில் வேலை நடந்தது. நாற்காலியை மறைக்கவே கூடாது, அதுவும் வேடத்தில் சேர வேண்டும் என்பது பிள்ளைகள் போட்ட கட்டளை. அதனால் ஒருவனுக்கு அது ரயில் ஆனது, ஒருத்திக்குப் படகு ஆனது. மூங்கில் பிளாச்சில் சட்டம் கட்டி, சாக்கைப் போர்த்தித் தைத்து, சாயம் பூசினார்கள். அடுத்த தசராவுக்கு இசக்கி காளி வேடம் கேட்டாள். நாற்காலி சிங்கமாக வேண்டும் என்றாள்.

காளி வேடம் விளையாட்டுக் காரியமல்ல. அந்த ஊரில் காளி என்றால் தசராக் குழுத் தலைவர் தங்கக்கண்தான். அருள் வந்து அவர் சொல்லும் வாக்கை அம்மன் வாக்காக ஊர் எடுத்துக்கொள்ளும். சொன்ன வாக்கை மாற்ற அவருக்கே உரிமையில்லை. ஆளோ மகா முரடர். சேதி கேட்டுக் கொதித்து, ஆட்களோடு இல்லத்துக்கு வந்தார்.

"காப்புக் கட்டுனவன் செருப்பு போடப்புடாது. டயரு ரப்பருதான? ரப்பரு மிதிச்சு வாற காளியை எந்தத் தெருவுல காட்டப் போற?"

அம்மையார் கைகூப்பினார். பதிலுக்கு உதைதான் விழுந்தது. முற்றத்தில் உருவாகிக்கொண்டிருந்த சிங்கத்தின் கழுத்தை முறித்தார்கள். தடுக்க வந்த ஜெபமணியின் நெற்றியை இரும்புக் கம்பி பிளந்தது. சாயம் காயாத சிங்க முகத்தில் அவர் இரத்தம் தெறித்தது. சிங்கத்திலிருந்து உருவிய மூங்கில் ஒடியும்வரை அம்மையாரின் முதுகில் அடித்தார்கள். பிள்ளைகள் அலறினார்கள். அம்மன் பேரைச் சொல்லிக்கொண்டே அடித்தார்கள் பாருங்கள், அதுதான் கொடுமையிலும் கொடுமை.

முறிந்த சிங்கத்தைச் சரிசெய்ய நெற்றியில் தையலோடு ஜெபமணி மறுபடி வந்தார். "இந்தச் சிங்கத்துக்கு இன்னும் எம்புட்டு ரத்தம் வேணுமாம் யக்கா?" என்று சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை. அடி அவருக்கு வலிக்கவில்லை, தங்கக்கண் சொன்ன சொல்தான் குடைந்தது. ரப்பர் செருப்பென்றால் பிள்ளையின் விரதம் கெடுமே என்று பதறினார். புதுச் சாக்கை மஞ்சள் நீரில் நனைத்து, சக்கரங்களைச் சுற்றி இறுக்கித் தைத்தார்.

"துணி சிக்கும் யக்கா" என்றார் ஜெபமணி.

"தாய் பாத்துக்கிடுவா" என்றார் அம்மையார். பக்தி மிகுந்தவர்களுக்கு மட்டுமே வரக்கூடிய தப்பு அது.

கடற்கரையில் அசுரனை வதம் செய்யும் நாள் வந்தது. வெட்ட வெயிலில் இசக்கி புறப்பட்டாள். நீல முகம், தொங்கும் சிவப்பு நாக்கு, எட்டுக் கைகள், கீழே பிடரி சிலிர்த்த சிங்கம். பார்த்தவர்கள் தம்மை அறியாமல் கும்பிட்டார்கள். ஆனால் தெருவெல்லாம் மஞ்சள் நீர் ஊற்றியிருந்தார்கள். சாக்கு நீரைக் குடித்து ஊதி, சக்கரத்துக்கும் சட்டத்துக்கும் நடுவே சிக்கியது. தேரடித் தெருவின் குறுகலில் நாற்காலி முன்னும் போகவில்லை, பின்னும் போகவில்லை. எதிரே தங்கக்கண்ணின் மேளம் கேட்டது.

"என் புத்தியில தீய வைக்க" என்று அழுதபடி அம்மையார் தரையில் விழுந்து சாக்கைப் பிய்த்தார். ஜெபமணி சிறுமியைத் தூக்கிக்கொண்டு ஓடப் பார்த்தார்.

"என்னைத் தொடாதிய!" என்று இசக்கி கத்தினாள். "காளி ஓடுவாளா?"

தங்கக்கண்ணின் ஆட்கள் கம்புகளோடு பாய்ந்தார்கள். சிங்கத்தின் தாடை பெயர்ந்தது. ஜெபமணி சாக்கடையில் விழுந்தார், விழுந்தவரை மிதித்தார்கள். காளிக் கோலத்தில் நின்ற தங்கக்கண் இரும்பு வாளைச் சக்கரத்தின் மேல் ஓங்கினார். அம்மையார் சக்கரத்தை இரண்டு கைகளாலும் கட்டிக்கொண்டார். வாள் இறங்கியது. வலக்கை விரல்கள் இரண்டு ஈரத் தெருவில் துடித்தன. அம்மையார் பிடியை விடவில்லை.

மறுபடி ஓங்கிய வாள் இறங்கவில்லை. தங்கக்கண்ணின் உடம்பு உதறியது. இத்தனை வருடம் தமக்கு வந்ததில் எது அருள், எது நடிப்பு என்று அவருக்கே தெரியாது. இது வேறு. அவர் தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஒரு பெண்ணின் குரல் வந்தது.

"ஏலே, என் காலையா வெட்டுத?"

மேளம் நின்றது.

"ஊரு சுத்திச் சுத்தி என் காலு தேஞ்சு போச்சுன்னு ஒருத்தி மஞ்சத்துணி கட்டிவிட்டா. அவ கையை வெட்டிட்டியே பாவி!"

வாளை எறிந்துவிட்டுத் தம் கன்னத்தில் தாமே அறைந்தார். கிரீடம் உடைந்து நெற்றி கிழியும்வரை தலையைத் தரையில் மோதினார். தெளிந்தபோது, அவர் வாயால் வந்ததை ஊரே அவருக்குச் சொன்னது. மாற்ற முடியாத வாக்கு. அவர் தவழ்ந்து வந்து சக்கரத்தைத் தொட்டுக் கும்பிட்டுக் கதறினார்.

இசக்கி தன் சிவப்புப் பட்டுத் துணியைக் கிழித்து, குனிந்து அம்மையாரின் கையைக் கட்டினாள். அடித்த ஆட்கள் நாற்காலியைத் தோளில் தூக்க வந்தார்கள்.

"தூக்காதிய. இது காலுன்னு அம்மனே சொல்லிட்டா. தரையில போகட்டும்" என்றாள்.

சாக்கை அறுத்தெறிந்தார்கள். ரப்பர் சக்கரம் வெறுங்காலாகத் தெருவில் உருண்டது. இரத்தம் தோய்ந்த அதன் தடம் சன்னதிவரை சென்றது. பூசாரி அம்மன் கழுத்து மாலையை எடுத்து வந்து இசக்கிக்குப் போட்டார். அவள் அதைக் கழற்றி, நாற்காலியைப் பிடித்தபடியே கூட வந்து மயங்கிச் சாய்ந்திருந்த அம்மையாரின் கழுத்தில் போட்டாள். யாரும் தடுக்கவில்லை.

செய்த பிழையையும் தாய் பூசையாக எடுத்துக்கொள்ளும்படி வாழ்ந்த முப்பிடாதி அம்மையாரின் திருவடி நம் தலைமேல் இருக்கட்டும்.